பனியன் கம்பெனியில் 'சஸ்டைனபிலிட்டி' வேலை உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? மீட்டர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

திருப்பூரில் ஒரு கார்மென்ட் கம்பெனியில் எச்.ஆர். பிரிவிலோ, விதிமுறைகளைக் கவனிக்கும் காம்ப்ளையன்ஸ் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள். மூன்றாம் நாளே மேனேஜர் கூப்பிட்டு, "பையர் ஏதோ சஸ்டைனபிலிட்டி டேட்டா கேக்கறாங்க, இனிமே அதையும் நீங்களே பாத்துக்குங்க" என்று ஒரு எக்செல் ஃபைலை அனுப்பியிருப்பார். பையர் என்றால் சரக்கு வாங்கும் கம்பெனி; சஸ்டைனபிலிட்டி என்றால் சுற்றுச்சூழலையும் ஆட்களையும் கெடுக்காமல் தொழில் நடத்துவது. ஃபைலைத் திறந்தால் மின்சாரம், டீசல், தண்ணீர், கழிவு, கெமிக்கல், தொழிலாளர் பயிற்சி என்று கேள்விகள் கீழே போய்க்கொண்டே இருக்கும். கூடவே, எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று ஒரு தனிப் பக்கம். பயப்பட வேண்டாம். இந்த வேலையில் முக்கால்வாசி, சரியான ஆள் சரியான நேரத்தில் சரியான எண்ணைக் குறித்து வைப்பதுதான். சாஃப்ட்வேர், சோலார் எல்லாம் அதற்கு அப்புறம்.

எதற்குக் கேட்கிறார்கள்?

இது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் தளத்தில் யாராவது "எதுக்குங்க இதெல்லாம்?" என்றால் முழிப்பீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு நொய்யல் ஆற்றின் கதையே போதும். சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் கலந்ததில், 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் நின்றால் தையல் நிற்கும், தையல் நின்றால் பேக்கிங் நிற்கும், கடைசியில் டீக்கடை வரை அடி விழும். அதற்குப் பிறகுதான் சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' இங்கே வேரூன்றியது. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து மறுபடியும் சாயத்துக்கே கொடுக்கிறார்கள். சுற்றுச்சூழலைக் கவனிக்காவிட்டால் தொழிலே நின்றுபோகும் என்று இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது.

வெளியிலிருந்து வரும் நெருக்கடி வேறு வகை. வெளிநாட்டு பையர்கள் பலர் சுற்றுச்சூழல் பற்றிய 'ஹிக் ஃபெம்' என்ற வருடாந்தரக் கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள். ஆர்கானிக் துணி தைத்தால் 'காட்ஸ்' சான்றிதழ், அதற்கான பரிவர்த்தனைச் சான்றுகள் எல்லாம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டம், பொருளுக்குப் பொருள் அதன் விவரம் சொல்லும் 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' கேட்கும் ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டிருக்கிறது. முதலில் கவனிக்கப்போகும் பொருட்களில் துணிமணியும் உண்டு. உள்நாட்டில், பங்குச் சந்தையில் மதிப்பால் முதல் 1000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 2022-23 முதல் 'பி.ஆர்.எஸ்.ஆர்.' என்ற சஸ்டைனபிலிட்டி அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்லிவிட்டது. அந்தக் கம்பெனிகளுக்கு நீங்கள் சரக்குக் கொடுத்தால் இதே கேள்விகள் உங்களிடமும் வரும்.

முதல் வாரம்: மீட்டர்களைத் தேடுங்கள்

ஒரு நோட்டும் செல்போனும் எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனோடு கம்பெனியைச் சுற்றுங்கள். மெயின் மீட்டர், ஜெனரேட்டர் ஓடிய மணி நேரம் காட்டும் மீட்டர், டீசல் டேங்க், போர்வெல், லாரித் தண்ணீர் இறக்கும் தொட்டி, கம்ப்ரசர், அயர்னிங் பாய்லர், கேன்டீன் கேஸ் சிலிண்டர், கட்டிங் வேஸ்ட் மூட்டை கட்டும் இடம் என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பக்கத்தில் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். பாதி இடத்தில் மீட்டரே இருக்காது. போர்வெல்லுக்கு மீட்டர் இருப்பது அபூர்வம். லாரித் தண்ணீருக்குப் பில் இருக்கும், ஆனால் அது அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேறு பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும்.

எலக்ட்ரீஷியனோடு போங்கள் என்றது சும்மா இல்லை. எந்த ஸ்விட்ச் எதற்கு, எந்த ஃபேஸில் அடிக்கடி பிரச்சனை, ஞாயிற்றுக்கிழமை எதை அணைக்காமல் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் ஒரு டீ குடித்துப் பேசினால் பத்து ஆடிட் ரிப்போர்ட் படித்ததற்குச் சமம்.

ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு கம்பெனியில் முதல் மாதமே ஆன்லைன் ஃபாரம் போட்டுக் கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் மீட்டர் ரீடிங்கை அதில் ஏற்ற வேண்டும். ஏற்றும் வேலை ஆபீசில் இருந்த ஒரு பெண்ணுக்கு. மீட்டர் இருப்பதோ பின்கட்டில், ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில். ஷிப்மென்ட் நெருக்கடியில் தினமும் அங்கே போய்வர அந்தப் பெண்ணுக்கு ஏது நேரம்? முந்தைய நாள் ரீடிங்கோடு நானூறு சொச்சம் யூனிட்டைக் கூட்டிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஆடிட்டுக்கு வந்தவர் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பொங்கலன்று கம்பெனி ஓடியதா?" அன்றைக்கும் 412 யூனிட் என்று இருந்தது. ஓடியது என்றால் அந்த நாளுக்கு வருகைப் பதிவும் இல்லை, சம்பளமும் இல்லை. ஓடவில்லை என்றால் ரீடிங் பொய். எப்படிச் சொன்னாலும் மாட்டினோம். தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை, மீட்டருக்கு நூறடி தள்ளி இருந்த ஆளிடம் அந்த வேலையைக் கொடுத்த என்னுடையது.

அதனால் சொல்கிறேன், முதல் மாதம் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, நேரம், ரீடிங், கையெழுத்து என்று நாலு கட்டம் போதும். யார் தினமும் அந்தப் பக்கம் போகிறாரோ அவர் எழுதட்டும். ஒரு மாதம் தடங்கலில்லாமல் எழுதிவிட்டால் அப்புறம் செல்போனுக்கு மாறலாம். நோட்டில் நிற்காத பழக்கம் சாஃப்ட்வேரிலும் நிற்காது. லட்சக்கணக்கில் கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கிவிட்டு, உள்ளே போட எண் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கம்பெனிகள் நிறைய.

அதற்குப் பிறகு டிஜிட்டல்

செல்போனுக்கு மாறும்போது மீட்டரைப் போட்டோ எடுத்து ஒரு தனி வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லுங்கள். நேரமும் தேதியும் தானாகவே பதிந்துவிடும். அதைப் பார்த்து நீங்கள் ஷீட்டில் ஏற்றலாம். ஏற்றும்போது சந்தேகம் வந்தால் போட்டோ இருக்கிறது.

ஷீட்டை யாருடைய சொந்த ஜிமெயிலிலும் வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஆள் வேலையை விட்டுப் போனால் இரண்டு வருட டேட்டாவும் அவரோடு போய்விடும். ஃபோன் பண்ணிக் கெஞ்ச வேண்டியதுதான். கம்பெனி பெயரில் ஒரு மெயில் முகவரி, அதில் ஒரு டிரைவ், திறக்க இரண்டு பேருக்கு உரிமை, மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல். டிஜிட்டலுக்குத் தயாரா என்ற கேள்விக்குச் சின்ன கம்பெனியின் நேர்மையான பதில் இவ்வளவுதான்.

இன்னொன்று. ஷீட்டில் உற்பத்திக்கும் ஒரு பத்தி வையுங்கள். மின்சாரம் மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. போன மாதம் 18,000 யூனிட் எரிந்து 90,000 பீஸ் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள், பீஸுக்கு 0.2 யூனிட். இந்த மாதம் 21,000 யூனிட், ஆனால் 1,20,000 பீஸ். பில் ஏறிவிட்டது என்று முதலாளி கத்துவார். பீஸுக்கு 0.175 யூனிட்தான் ஆகியிருக்கிறது என்று நீங்கள் காட்டலாம். கார்பன் கணக்கும் இந்த ஷீட்டிலேயே வந்துவிடும். மின்வாரிய மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, கேஸ் கிலோவுக்கு 3 கிலோ. தோராயம் பார்க்க இது போதும். பையருக்குக் கொடுக்கும்போது அவர்கள் சொல்லும் அட்டவணையைப் பயன்படுத்துங்கள்.

முதலில் கம்ப்ரசரைப் பிடியுங்கள்

எண் கைக்கு வந்தவுடன் எல்லோரும் சோலார் என்பார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் பணமே செலவில்லாமல் மிச்சம் பிடிக்கும் இடம் கம்ப்ரசர் அறை.

மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்புவது கம்ப்ரசர். காற்று கண்ணுக்குத் தெரியாது, ஒழுகினால் யாருக்கும் வலிக்காது. மதிய சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினும் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, லோடில் (காற்றை அடைக்கும்போது) எத்தனை விநாடி, அன்லோடில் (அடைக்காமல் சும்மா ஓடும்போது) எத்தனை விநாடி என்று செல்போனில் நேரம் பாருங்கள். ஐந்தாறு சுற்று பார்த்துச் சராசரி எடுங்கள். லோடில் 40 விநாடி, அன்லோடில் 80 விநாடி என்றால், 40ஐ 120ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. யாருமே பயன்படுத்தாத நேரத்தில் கம்ப்ரசரின் திறனில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டைகளை நிரப்பவே போகிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். ஜாயின்ட், வால்வு, ஏர் கன் டியூப் என்று தடவிக்கொண்டே போங்கள். நுரை பொங்கும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம். அன்று சாயங்காலமே ஃபிட்டர் அடைத்துவிடுவார். அழுத்தம் 7 பாரில் இருந்தால், தேவைக்குப் போதுமா என்று பார்த்து 6க்கு இறக்குங்கள். ஒரு பார் இறக்கினால் கம்ப்ரசர் மின்சாரத்தில் 6, 7 சதவீதம் குறையும்.

சாப்பிட்டு வரும் டெய்லர்கள் நீங்கள் பக்கெட்டோடு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுத்த வாரம் அவர்களே "சார், இங்கே புஸ்ஸுன்னு சத்தம் வருது" என்று கூப்பிடுவார்கள். பசுமைப் பயிற்சி என்று பவர்பாயின்ட் போட்டு இரண்டு மணி நேரம் பேசினாலும் அந்த ஒரு வாக்கியம் வாங்க முடியாது.

அடுத்தது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமாருக்கு. 40 ஃபேன், ஒவ்வொன்றிலும் 45 வாட் மிச்சம், நாளைக்கு 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 5,400 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 43,200 ரூபாய். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால் மூன்று வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். முதலாளியிடம் பேசும்போது மரம், பூமி, எதிர்காலம் என்று ஆரம்பிக்காதீர்கள். இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தையல் மெஷினில் பழைய கிளட்ச் மோட்டார் இருந்தால் அதுவும் இப்படித்தான். பெடலை மிதிக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும்தான் ஓடும்.

"நமக்குத்தான் காற்றாலை இருக்கே" என்று ஒரு பதில் வரும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் கம்பெனிகள் இங்கே ஏராளம், நல்ல விஷயம்தான். அதற்காகக் காலியான அறையில் ஃபேன் சுற்ற வேண்டியதில்லை.

கட்டிங் டேபிளில் இருக்கிறது தண்ணீர்

"நம்மிடம் சாயம் போடவில்லையே, தண்ணீர்க் கேள்வி நமக்கு எதற்கு?" என்று தையல் யூனிட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கிலோ துணியை வெளுத்துச் சாயம் போட்டு எடுக்கப் பல பத்து லிட்டர் தண்ணீர் போகிறது. உங்கள் கட்டிங் டேபிளில் ஒரு டன் துணி வெட்டினால் 120, 150 கிலோ வேஸ்டாகக் கீழே விழுவது சாதாரணம். விழும் ஒவ்வொரு கிலோவிலும் பருத்தி, நூல், நிட்டிங் மின்சாரம், சாயத் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. அடக்க விலையிலும் பாதிக்கு மேல் துணிதான். ஆகவே கம்பெனியில் தண்ணீரை அதிகமாக மிச்சப்படுத்தக் கூடிய ஆள் தோட்டக்காரர் இல்லை, கட்டிங் மாஸ்டர்.

இங்கேதான் டிஜிட்டலும் பசுமையும் உண்மையிலேயே ஒன்று சேர்கின்றன. ரோல் வரும்போதே எடை, டயா (அகலம்), ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) மூன்றையும் பதிந்து, ஒரே டயா உள்ள ரோல்களைச் சேர்த்து லே போட்டால் (வெட்டுவதற்காக அடுக்கி விரித்தால்) ஓர வேஸ்ட் குறையும். கேட் என்ற கம்ப்யூட்டர் டிசைன் சாஃப்ட்வேரில் மார்க்கர் (வெட்டும் வரைபடம்) போட்டால் பேட்டர்ன்களை இன்னும் நெருக்கி அடுக்கலாம். ஒவ்வொரு லேக்கும் உள்ளே போன கிலோ, வெளியே வந்த பீஸ், வேஸ்ட் கிலோ என்று மூன்று எண் போதும். வேஸ்டையும் மொத்தமாக மூட்டை கட்டாதீர்கள். வெள்ளை, கலர், லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்தது என்று பிரித்தால் விலையும் கூடும், நூல் மில்லில் மறுபடி நூலாவதும் சுலபம். லைக்ரா கலந்துவிட்டால் மில்காரர் முகம் சுளிப்பார்.

ஆனால் மாஸ்டர் எதற்காக மெனக்கெட வேண்டும்? அவருக்குக் கூலி பீஸ் கணக்கில். நெருக்கி அடுக்க நேரம் ஆகும், நேரம் ஆனால் அவருக்கு நஷ்டம். மிச்சமான துணியின் மதிப்பில் ஒரு பங்கு கட்டிங் டீமுக்கு என்று எழுத்தில் கொடுங்கள், அப்புறம் பாருங்கள். அதைச் சம்பளத்தோடு சேர்த்து மறைக்காமல், பே ஸ்லிப்பில் தனி வரியாகக் காட்டுங்கள். எச்.ஆர். பிரிவு இந்த வேலைக்குள் வருவதே இதற்காகத்தான். ஆபீஸ் வாசலில் மரக்கன்று நட்டுப் போட்டோ எடுப்பதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் அது இந்தக் கணக்கில் வராது.

பயிற்சி யாருக்கு, எந்த மொழியில்?

இன்றைக்குத் தளத்தில் இருப்பவர்களில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்துக்காரர்கள் நிறைய. "மின்சாரத்தைச் சேமிப்போம்" என்று அழகான தமிழில் போர்டு மாட்டினால் பாதிப் பேருக்கு அது சுவர் அலங்காரம். இந்தியிலும் ஒடியாவிலும் பேசத் தெரிந்த லைன் சூப்பர்வைசரை வைத்து, மெஷின் பக்கத்திலேயே பத்து நிமிடம் செய்து காட்டுங்கள். ஸ்விட்ச் போர்டில் படம் ஒட்டுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எங்கே என்று காட்டுகிறோம் அல்லவா, அந்தச் சுற்றிலேயே வேஸ்ட் பெட்டிகளின் நிறத்தையும் காட்டிவிடுங்கள்.

வெயிலை மறக்காதீர்கள். சித்திரை மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அயர்னிங் செய்பவரிடம் ஃபேனை அணைக்கச் சொன்னால், அவர் உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது. அங்கே வேலை கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பதும், எக்ஸாஸ்ட் போடுவதும், ஸ்டீம் லைனுக்கு உறை சுற்றுவதும்தான். தொழிலாளிக்குக் கஷ்டம் கொடுத்து மிச்சம் பிடித்த யூனிட் நெடுநாள் நிற்காது. ஆளும் நிற்க மாட்டார்.

பத்திரமாகச் செய்ய வேண்டியவை

தொழிலாளர்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், மருத்துவச் சீட்டு எதையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. லைனில் டேப்லெட் வைத்து உற்பத்தியைப் பதிகிறீர்கள் என்றால், எதற்காகப் பதிகிறோம், யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பாத்ரூம் போகும் நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பும், அதை அடக்குவதற்குள் ஒரு மாதம் போய்விடும். பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர்களைப் பழைய இரும்புக் கடையில் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஆடிட்டில் இந்த ரசீதைக் கேட்பார்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் 'செட்' சான்றிதழ்த் திட்டம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படியில் இருக்கிறது. சான்றிதழ்ச் செலவில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் மானியம். இந்தத் தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெண்கலத்திலிருந்து தொடங்கலாம். அதற்கான கேள்விகளுக்கு நீங்கள் இதுவரை சேர்த்த எண்களே பாதி பதில் சொல்லிவிடும்.

இரண்டு தேதிகள்

ஹிக் ஃபெம் கேட்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. செபி வழி வரும் கேள்விகள் ஏப்ரல் முதல் மார்ச் வரை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பில்களைப் பிரித்துக் கூட்டிக் கழித்து உட்காருவதைவிட, டிசம்பர் 31 சாயங்காலமும் மார்ச் 31 சாயங்காலமும் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு எல்லா மீட்டரையும் ஒரு சுற்றுப் போட்டோ எடுத்துவிடுங்கள். டீசல் டேங்கில் அளவுக்குச்சி விட்டு அதையும் எடுங்கள். அரை மணி நேர வேலை. அவருக்கு அன்று ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.